கல் எங்கே தொடுகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட் பட்டறைகளில் ஒரே பாறையில் அறுத்த பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒன்றில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். அடுத்தது மங்கலாக, விரலுக்கு மெல்லிய மேடு பள்ளம் தட்டுப்படுவதாக இருக்கும். லெதர் ஃபினிஷ் என்பார்கள். மூன்றாவது கை வைத்தால் உறுத்தும். அது ஃபிளேம் ஃபினிஷ். கடும் சூடான தீநாக்கைக் கல்லின் முகத்தில் ஓட்டினால் குவார்ட்ஸ் மணிகள் சுற்றியிருக்கும் கனிமங்களைவிட அதிகமாக விரிந்து, பொட்டுப்பொட்டாக வெடித்துத் தெறித்துவிடும். மூன்றும் ஒரே கல்தான், வேதியியலில் இம்மி வித்தியாசம் கிடையாது.

வீடு கட்டுகிறவரிடம் மேஸ்திரி சொல்வார்: "ஹாலுக்குப் பாலிஷ் போட்டுக்கலாங்கண்ணா. போர்ட்டிகோவுக்கும் படிக்கும் வேணாம், மழை பெஞ்சா வழுக்கும். ஃபிளேம் அடிச்ச கல்லா வாங்கிடுங்க."

வழவழப்பு வழுக்கும், சொரசொரப்பு பிடிக்கும். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்த ஹாலிலேயே வெறுங்காலோடு, தரை உலர்ந்திருக்கும்போது நடந்து பாருங்கள். வழுக்காது. பாதம் ஒட்டிக்கொண்டு, திரும்பும்போது கீச்சென்று சத்தம்கூட வரும். அதே தரையில் சாக்ஸ் போட்டு நடந்தால் வழுக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் சிந்தினால் இடுப்பு உடையும். கல் மாறவில்லை, பாலிஷ் மாறவில்லை. அப்படியானால் வழுக்குவதும் பிடிப்பதும் கல்லின் குணம் மட்டும் இல்லை.

இன்னொரு இடத்தில் இந்தக் குழப்பம் முற்றும். ஓசூர்ப் பக்கத் தொழிற்கூடங்களில் அளவு சரிபார்க்கும் அறைக்குள் போனால், ஸ்லிப் கேஜ் என்ற சிறு எஃகுக் கட்டைகளைப் பார்க்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான்சன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியவை. ஒரு மைக்ரானுக்கும் கீழே, அதாவது மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் கீழே, தட்டையாகத் தேய்க்கப்பட்டவை. இரண்டு கட்டைகளைச் சுத்தமாகத் துடைத்து ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தி நகர்த்தினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பசையும் இல்லை, காந்தமும் இல்லை. தூக்கினால் அடுத்த கட்டையும் கூடவே வரும். வழவழப்பு கூடினால் உராய்வு குறையும் என்றால், இவ்வளவு வழவழப்பான இந்த எஃகு ஒன்றின் மேல் ஒன்று வெண்ணெயாக வழுக்க வேண்டுமே!

உராய்வுக்கு நாம் பள்ளியில் கேட்ட விளக்கம் பல் சக்கர விளக்கம்தான். எந்தப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கிறது, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் மாட்டுகிறது, மேட்டில் ஏற்றி இழுக்கத்தான் விசை வேண்டும். பிரான்ஸின் கூலோம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். 1804இல் ஸ்காட்லாந்தின் ஜான் லெஸ்லி ஒரு கேள்வி கேட்டார். சரி, மேட்டில் ஏறும்போது ஆற்றல் செலவாகிறது. ஏறியது மறுபக்கம் இறங்கத்தானே வேண்டும்? இறங்கும்போது அந்த ஆற்றல் திரும்பக் கிடைத்துவிடுமே! ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்கும் பாதையில் மொத்தச் செலவு பூஜ்யம் அல்லவா வர வேண்டும்? உராய்வில் சூடாகிக் காணாமல் போகிற ஆற்றல் எங்கே போகிறது?

கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பதிலுக்கு மேட்டையும் பள்ளத்தையும் விட்டு அணுக்கள் வரை இறங்க வேண்டியிருந்தது. அதற்கு முன் எளிதாகத் தெரிகிற இன்னொரு புதிரைத் தீர்த்தாக வேண்டும்.

ஒரு செங்கல்லைப் படுக்கையாக வைத்துத் தரையில் இழுங்கள். பிறகு பக்கவாட்டில் நிறுத்தி இழுங்கள். தரையைத் தொடும் பரப்பு குறைந்துவிட்டது. இழுக்கத் தேவைப்படும் விசை? மாறாது. 1699இல் பிரெஞ்சுக்காரர் அமோன்தோன் இதை அளந்து அறிவித்தார். அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். உராய்வு சுமையைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்தது அல்ல. கேட்பவர் மனம் இதை ஏற்காது. தொடுகிற இடம் குறைந்தால் பிடிப்பும் குறையத்தானே வேண்டும்?

செங்கல் தரையைத் தொடுவதாக நாம் பார்க்கும் பரப்பு வேறு, அது உண்மையில் தொடும் பரப்பு வேறு என்பதில் இருக்கிறது விடை. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் 1939இல் இதைக் கண்ணால் பார்க்காமலே அளந்தார்கள். இரண்டு உலோகத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்தார்கள். முழுப் பரப்பும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் தடையின்றிப் பாய வேண்டும். பாயவில்லை. எங்கோ சில நுனிகள் வழியாக மட்டும் நெருக்கியடித்துப் போவதாகத்தான் கணக்கு காட்டியது. லேசான சுமையில், பார்வைக்குத் தொடும் பரப்பில் லட்சத்தில் ஒரு பங்குதான் தேறியது.

பௌடன் இதை விளக்க ஒரு மலைநாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொரு மலைநாட்டின் மேல் வைக்கச் சொன்னார். அவருக்கு ஆல்ப்ஸ் மலை கைக்கு வந்தது. நாம் தருமபுரிப் பக்கத்து வத்தல்மலையைப் பெயர்த்து, கவிழ்த்து, சித்தேரி மலை மேல் வைத்துக்கொள்வோம். எத்தனை இடத்தில் தொடும்? நாலைந்து உச்சிகள் ஒன்றோடொன்று இடிக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. மேகம்கூட நடுவில் புகுந்து போகலாம். பளபளக்கும் கிரானைட் பலகையும் நுண்ணோக்கியில் இப்படிப்பட்ட மலைநாடுதான். அந்த உச்சிகளை நுண்மேடுகள் என்போம். அவை தொடும் இடங்களின் கூட்டுத்தொகையை மெய்த்தொடுபரப்பு என்போம்.

அந்த மெய்த்தொடுபரப்பு எவ்வளவு சிறிது என்பதை நம்மூர்க் கல்லிலேயே கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனம் உள்ள கிரானைட் பலகை சுமார் 54 கிலோ எடை இருக்கும். அதை இன்னொரு கல்லின் மேல் படுக்க வைத்தால், நுண்மேடுகள் அந்த எடையைத் தாங்கும் வரை நசுங்கும். குவார்ட்ஸின் கடினத்தன்மையை வைத்துக் கணக்கிட்டால், 54 கிலோவையும் தாங்க ஒரு சதுர மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு போதும். கல்லுக்குக் கல் எண் பல மடங்கு மாறலாம். ஆனாலும் ஒரு சதுர மீட்டர் பலகை குண்டூசித் தலையைவிடச் சிறிய இடத்தில் நிற்கிறது என்பது மாறாது.

இப்போது செங்கல் புதிர் தானாக அவிழ்கிறது. படுக்க வைத்தால் தொடு நுனிகள் நிறைய, ஒவ்வொன்றின் மேலும் சுமை குறைவு. நிறுத்தி வைத்தால் நுனிகளுக்கு இடம் குறைவு, சுமை அதிகம், எனவே அதிகம் நசுங்கி, அதிகம் தொடுகின்றன. கூட்டிப் பார்த்தால் மெய்த்தொடுபரப்பு ஒன்றே, அதனால் உராய்வும் ஒன்றே. சுமையை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். 1966இல் கிரீன்வுட், வில்லியம்சன் இருவரும் இன்னும் நுட்பமாகக் காட்டினார்கள்: சுமை கூடக் கூட ஒவ்வொரு தொடுபுள்ளியும் பெரிதாவதைவிட, புதுப் புதுப் புள்ளிகள் சேர்வதுதான் முக்கியம். 1990களில் அமெரிக்காவில் டீட்டெரிக்கும் கில்கோரும் கண்ணாடி, அக்ரிலிக் போன்ற ஒளி ஊடுருவும் பொருள்களை ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி, வெளிச்சம் கடந்து வரும் இடங்களைப் படமெடுத்தார்கள். கறுப்புப் பின்னணியில் சிதறிக் கிடந்த வெள்ளைப் பொட்டுகள்தான் மெய்த்தொடுபரப்பு. நேரம் போகப் போகப் பொட்டுகள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தன. ராத்திரி முழுக்கக் கிடந்த பலகையைக் காலையில் நகர்த்த முதல் உந்து கூடுதலாக வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நில அதிர்வு ஆராய்ச்சிக்காக எடுத்த படம் அது. பூமிக்கடியில் உரசும் பாறைகளும் இதையேதான் செய்கின்றன.

ஹால் தரைக்கு வருவோம். பாதத்தின் தோல் கல்லைப்போலக் கெட்டியானது அல்ல. பாலிஷ் போட்ட தரையில் தோல் நெகிழ்ந்து பள்ளங்களுக்குள்ளும் இறங்கிப் படியும். அங்கே மெய்த்தொடுபரப்பு பார்வைப் பரப்பில் கணிசமான பங்கை எட்டிவிடுகிறது. அதனால்தான் பிடிக்கிறது, கீச்சிடுகிறது. வழவழப்பு கூடினால் உராய்வு கூடும் என்பது மெத்தென்ற பொருள்களுக்கு அன்றாட உண்மை. சாக்ஸ் நூலிழைகளோ சில இடங்களில் மட்டும் தொட்டு, தாமும் புரண்டு வழிவிடுகின்றன.

தண்ணீர் வந்தால் கதை வேறு. காலை ஊன்றும் அந்த நொடிக்குள், நடுவே உள்ள நீர்ப்படலம் வெளியேறியாக வேண்டும். பாலிஷ் கல்லில் அதற்கு ஓடிப்போக வாய்க்கால் இல்லை. படலம் மெலிய மெலிய அதைப் பிதுக்குவது இன்னும் கடினமாகும். பாதம் நீரின் மேலேயே போய்விடும். ஃபிளேம் கல்லில் பள்ளங்கள் நீருக்கு இடம் கொடுக்கின்றன, கூரிய நுனிகள் மிச்சப் படலத்தைக் குத்திக் கிழித்துப் பாதத்தைத் தொடுகின்றன. இரண்டு வேலை, இரண்டு அளவு. மேஸ்திரி சொன்ன ஒரு வரிக்குள் இது அத்தனையும் அடங்கியிருக்கிறது.

தார்ச்சாலையிலும் இதே இரட்டை வேலைதான். சாலைப் பொறியாளர்கள் அரை மில்லிமீட்டரை எல்லையாக வைத்து, அதற்கு மேற்பட்ட மேடு பள்ளத்தைப் பருஞ்சொரசொரப்பு என்றும் கீழ்ப்பட்டதை நுண்சொரசொரப்பு என்றும் பிரிக்கிறார்கள். ஜல்லிக்கும் ஜல்லிக்கும் இடையிலான பள்ளம் பருஞ்சொரசொரப்பு. மழைநீரை வடிப்பது அது. அதை அளக்கும் முறை அழகானது. குறிப்பிட்ட கொள்ளளவு மணலைச் சாலையில் கொட்டி, பள்ளங்கள் நிறையும்படி வட்டமாகத் தடவி, வட்டத்தின் விட்டத்தை அளப்பார்கள். வட்டம் சிறிதென்றால் பள்ளம் ஆழம். ஒவ்வொரு ஜல்லியின் முகத்திலும் உள்ள மைக்ரான் அளவுக் கரடுதான் நுண்சொரசொரப்பு. டயர் ரப்பரைக் கடைசியாகப் பிடிப்பது அது. சாலை பார்க்கக் கரடாகவே இருக்கும், ஆனால் லட்சக்கணக்கான டயர்கள் மண்தூசியை அரைத்தபடி போய்ப் போய் ஜல்லியின் முகம் மட்டும் பாலிஷாகியிருக்கும். கண் ஏமாறும், டயர் ஏமாறாது.

எந்தக் கல் சீக்கிரம் பாலிஷாகும் என்று சாலை போடும் முன்பே சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஜல்லித் துண்டுகளை ஒரு சக்கரத்தின் விளிம்பில் பதித்து, அதன்மேல் ரப்பர் டயரை ஓட்டி, முதலில் குருணை எமரி, பிறகு மாவு எமரி தூவி மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். பிறகு அடியில் ரப்பர் துண்டு பொருத்திய ஊசலை உயரத்திலிருந்து விட்டு, நனைந்த கல்லை உரசிப் போக விடுவார்கள். மறுபக்கம் ஊசல் எவ்வளவு குறைவாக எழும்புகிறதோ அவ்வளவு உராய்வு. இப்படி வரும் எண்ணுக்குப் பாலிஷ் மதிப்பு என்று பெயர் வைக்கலாம். நம் நாட்டு நெடுஞ்சாலை விதிகள் மேல்தளத் தார்க்கலவைக் கல்லுக்கு 55க்குக் குறையாத மதிப்பு கேட்கின்றன. ஒரே கனிமத்தாலான நுண்மணிக் கல் ஒரே சீராகத் தேய்ந்து வழவழப்பாகும். கடினமும் மென்மையும் கலந்த கனிமங்கள் உள்ள கல்லில் மெத்தென்றது முதலில் தேய, கெட்டியானது துருத்தி நிற்கும். தேயத் தேயக் கரடு புதுப்பிக்கப்படும். ஆனால் கல் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. கோடை முழுக்கத் தூசியும் எண்ணெயும் படிந்த சாலையில் முதல் தூறல் விழும் பத்து நிமிடம், நாள் முழுக்கக் கொட்டும் அடைமழையைவிட ஆபத்து. கொட்டும் மழை சாலையைக் கழுவிவிடும். தூறலோ தூசியைக் குழைத்து நுண்சொரசொரப்பை மெழுகிவிடும்.

உராய்வு என்றால் தருமபுரிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, லாரிகள் நீண்ட இறக்கத்தில் இறங்கும் தொப்பூர் கணவாய். 2024 ஜனவரியிலும் அங்குள்ள இரட்டைப் பாலத்தில் லாரி ஒன்று முன்னே போன வண்டிகளில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். அங்கே பழியைச் சாலையின் மேல் மட்டும் போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். தோற்றுப்போகும் உராய்வு பெரும்பாலும் டயருக்கும் தாருக்கும் நடுவில் இல்லை, பிரேக் டிரம்முக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கிறது. 40 டன் லாரி செங்குத்தாக ஒரே ஒரு மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் எல்லாம் லைனரின் தலையில். லைனரும் முழுக்கத் தொடுவதில்லை. அதன் முகத்தில் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அகலமுள்ள குட்டித் திட்டுகள் மட்டும் டிரம்மைத் தொடுகின்றன. தேய்ந்த தூள் அழுந்தி அழுந்தி உருவான திட்டுகள் அவை. சூடு எல்லை மீறினால் லைனரைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து ஆவியாகும், அந்த ஆவி நடுவே புகும், திட்டுகளின் பிடிப்பு தளரும். ஓட்டுநர் மிதிப்பார், வண்டி கேட்காது. கணவாயின் மேலிருந்தே கியரைக் குறைத்து இறங்கு என்று பலகை வைப்பது சம்பிரதாயத்துக்கு அல்ல.

ஒகேனக்கல்லில் இன்னொரு வகைப் படலத்தைப் பார்க்கலாம். அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டவர்கள் குளிக்கப் போகும் வழியில், பாறை காய்ந்து கிடந்தாலும் வழுக்கும் இடங்கள் உண்டு. தண்ணீர் வடிந்துவிடும், எண்ணெய் போகாது, துடைத்தாலும் போகாது. ஏனென்று 1920களில் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்டி ஆராய்ந்தார். கொழுப்பு அமில மூலக்கூறுக்குத் தலை ஒன்று, நீண்ட வால் ஒன்று. தலை பரப்பைப் பற்றிக்கொள்ள, வால்கள் வெளிப்பக்கம் நிமிர்ந்து நெருக்கமாக நிற்கும். ஒரே ஒரு மூலக்கூறு கனம், இரண்டு மூன்று நானோமீட்டர். அதாவது மைக்ரானில் நானூறில் ஒரு பங்கு. அதுவே உராய்வைப் பல மடங்கு குறைத்துவிடுகிறது. வால் நீளமானால் உராய்வு இன்னும் குறைகிறது என்றும் ஹார்டி அளந்து காட்டினார். மலைகளின் உயரம் அப்படியே இருக்கிறது. மாறியது உச்சிகளின் மேல்தோல் மட்டும். உராய்வை ஆள்வது மேடு பள்ளமல்ல, தொடும் இடத்தில் அணுவும் மூலக்கூறும் என்ன செய்கின்றன என்பதே என்று இது சுட்டிக்காட்டியது.

அப்படியானால் மேடு பள்ளமே இல்லாத பரப்பு கிடைத்தால் என்ன ஆகும்? கிடைக்கிறது. கிரானைட்டில் மினுமினுக்கும் துகள் மைக்கா. அதைத் தகடு தகடாகப் பிரித்தால் புதிதாகத் திறக்கும் முகம் அணு அளவில் தட்டை. ஒரு படிகூட இல்லாமல் சென்டிமீட்டர் கணக்கில் போகும். 1969 முதல் டேபரும் பிறகு இஸ்ரேலாக்விலியும் இரண்டு மைக்காத் தகடுகளை நெருங்க வைத்து நானோமீட்டர் அளவு இடைவெளிகளை அளக்கும் கருவிகளைச் செய்தார்கள். இங்கே பார்வைப் பரப்பும் மெய்த்தொடுபரப்பும் ஒன்றாகிவிடுகின்றன. அமோன்தோன் விதி ஆட்டம் காண்கிறது: உராய்வு, சுமையைவிடப் பரப்பைத்தான் அதிகம் பின்பற்றுகிறது. ஸ்லிப் கேஜ் கட்டைகள் ஒட்டிக்கொள்வதும் இதன் பக்கத்து வீட்டு விஷயம்தான். தட்டையாக நெருங்கிவிட்ட இரு பரப்புகளுக்கு நடுவே நானோமீட்டர் கனத்தில் ஈரமும் எண்ணெயும் தங்குகின்றன. அந்தப் படலமும் மூலக்கூறுகளின் ஈர்ப்பும் சேர்ந்து பிடித்து நிறுத்துகின்றன.

ஒற்றை நுண்மேட்டைத் தனியே பிடித்து இழுத்துப் பார்க்க வழி 1986க்குப் பிறகுதான் பிறந்தது. பின்னிஷ், குவேட், கெர்பர் மூவரும் செய்த அணுவிசை நுண்ணோக்கியில் மெல்லிய வளைதகட்டின் முனையில் கூரிய ஊசி ஒன்று பரப்பைத் தடவிக்கொண்டு போகும். மறு ஆண்டே கலிஃபோர்னியாவின் ஐபிஎம் ஆய்வகத்தில் மேட்டும் சகாக்களும் டங்ஸ்டன் ஊசியைக் கிராஃபைட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து, அதன் வளைவை ஒளியால் அளந்தார்கள். உராய்வு ஒரே சீராக வரவில்லை. ஏறியது, சட்டென விழுந்தது, மறுபடி ஏறியது. விழுந்த ஒவ்வொரு இடைவெளியும் கால் நானோமீட்டர். கிராஃபைட்டில் கார்பன் அணுக்களின் அறுகோணம் திரும்பத் திரும்ப வரும் தூரம் அதுவே. எந்த மேடும் இல்லாத பரப்பிலும் ஒரு கரடு இருந்தது. அணுக்களின் வரிசையே அந்தக் கரடு.

லெஸ்லியின் கேள்விக்குப் பதில் அந்தச் சட்டெனும் வீழ்ச்சியில் இருக்கிறது. ஊசிமுனை அணு பரப்பின் ஓர் அணுக்குழியில் சிக்கி நிற்கிறது. தகட்டை இழுக்க இழுக்க அது வில்லாக வளைகிறது. ஒரு கட்டத்தில் அணு பிய்த்துக்கொண்டு அடுத்த குழியில் விழுகிறது. மலையில் ஏறிய ஆள் மறுபக்கம் நிதானமாக நடந்து இறங்கினால் செலவிட்ட ஆற்றலைத் திரும்பப் பெறலாம். உச்சியிலிருந்து தடுமாறி உருண்டால்? விழுந்த இடம் அதிரும், அவ்வளவுதான். ஏறிய கூலி திரும்ப வராது. அணு விழுந்ததும் சுற்றியுள்ள அணுக்கள் அதிர்கின்றன. அணுக்களின் அதிர்வுக்குத்தான் சூடு என்று பெயர். பிராண்டில் 1928இலும் டாம்லின்சன் 1929இலும் தாளில் எழுதிப் பார்த்த கற்பனை இது. ஊசி அதை நேரில் காட்டியது.

இங்கே ஒரு குறும்பான யோசனை வரும். ஊசிமுனையில் நிறைய அணுக்கள் இருந்து, அவற்றின் வரிசையும் கீழ்ப்பரப்பின் வரிசையும் பொருந்தாமல் இருந்தால்? சில அணுக்கள் ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரம் சில இறங்கிக்கொண்டிருக்கும். ஏறுபவற்றுக்கு வேண்டிய ஆற்றலை இறங்குபவை கொடுத்துவிடும். யாரும் தடுமாறி விழ மாட்டார்கள். லெஸ்லி கேட்ட பூஜ்யச் செலவு இங்கே நிஜமாகவே வர வேண்டும். ஜப்பானின் ஹிரானோவும் ஷின்ஜோவும் 1990இல் இப்படிக் கணித்தார்கள். மறு ஆண்டே மைக்காத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று திருப்பித் திருப்பி வைத்துத் தேய்த்ததில், கோணம் மாற உராய்வும் மாறியது. 2004இல் நெதர்லாந்தின் லைடனில் டீன்வீபலும் ஃப்ரெங்கனும் ஊசிமுனையில் கிராஃபைட் செதில் ஒன்று ஒட்டிக்கொள்ள, அதைக் கிராஃபைட்டின் மேலேயே சுழற்றிச் சுழற்றி இழுத்தார்கள். 60 பாகைக்கு ஒருமுறை, வரிசைகள் பொருந்தும் இடத்தில், உராய்வு எகிறியது. நடுவில் உள்ள கோணங்களில் கருவியால் அளக்க முடியாத அளவுக்குச் சரிந்தது. இதை மீவழுக்கம் எனலாம். கல்லும் அதுவே, பாலிஷும் அதுவே, அழுத்தமும் அதுவே. திருப்பி வைத்த கோணம் மட்டும் வேறு.

2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மோ, டர்னர், ஸ்லுஃபார்ஸ்கா மூவரும் கணினியில் ஒவ்வொரு அணுவாக எண்ணிப் பார்த்தார்கள். நுண்மேட்டின் நுனியும் வழுவழு வளைவு அல்ல, அதிலும் அணுப் படிக்கட்டுகள் உண்டு. உண்மையில் தொடும் அணுக்களை மட்டும் எண்ணி மெய்த்தொடுபரப்பு என்று எடுத்துக்கொண்டால், உராய்வு அதற்கு நேர்விகிதம். பௌடனும் டேபரும் மில்லிமீட்டர் உலகத்துக்குச் சொன்னது நானோமீட்டரிலும் செல்லுபடியானது. "பரப்பு" என்பதை எப்படி எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம்.

அப்படியானால் எல்லா எந்திரமும் ஏன் மீவழுக்கத்தில் ஓடவில்லை? அழுக்குதான் காரணம். இது விளையாட்டுப் பேச்சல்ல. 1999இல் ஹே, மியூசர், ராபின்ஸ் மூவரும் கணித்துக் காட்டியது. காற்றில் படும் எந்தப் பரப்பின் மேலும் சில நிமிடங்களில் நீரும் ஹைட்ரோகார்பனுமாகத் துக்கடா மூலக்கூறுகள் வந்து ஒட்டும். ஊன்றி நிற்காத இந்த மூலக்கூறுகள் பொருந்தாத இரு வரிசைகளின் இடுக்குகளில் புகுந்து, இரண்டு பக்கத்துக்கும் தோதான இடமாகப் பார்த்து உட்கார்ந்து பூட்டிவிடுகின்றன. ஒழுங்காக நிற்கும் ஹார்டியின் படலம் வழுக்க வைக்கிறது, ஒழுங்கற்ற அரைகுறைப் படலம் பிடிக்க வைக்கிறது. 2012இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் மைக்ரான் அகலக் கிராஃபைட் சில்லுகள் மீவழுக்கத்தில் தாமாகவே திரும்பி வந்து தம் இடத்தில் பொருந்தியதைப் படமெடுத்தார்கள். முடியின் தடிமனைவிடச் சிறிய சில்லுகள் அவை. லாரி பேரிங்குக்கு இதைக் கொண்டுபோக நெடுந்தூரம் இருக்கிறது.

எனவே இன்றைக்கும் பொறியாளர்கள் அணுவைத் தொடாமல், மைக்ரான் அளவுக் கரடைத்தான் செதுக்குகிறார்கள். வழவழப்பான அம்மியைக் கொத்தி வாங்கிய நம் பாட்டிமார்களின் கட்சிதான் அவர்களும். பைக் இன்ஜினை ரீபோர் செய்யும் லேத் பட்டறையில் சிலிண்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்சுவர் கண்ணாடியாக இருக்காது. ஹோனிங் கல்லைச் சுழற்றி மேலும் கீழும் ஓட்டி, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். கண்ணாடியாக விட்டால் எண்ணெய் நிற்க இடமிருக்காது, பிஸ்டன் ரிங் சுவரைப் பற்றிக்கொள்ளும், இன்ஜின் சீஸ் ஆகும். கீறல் ஆழமானாலோ எண்ணெயைக் குடித்துப் புகை தள்ளும். 1990களில் இஸ்ரேலின் எட்சியன் கீறலுக்குப் பதில் லேசரால் மைக்ரான் ஆழக் குழிகளை வரிசையாகப் பொறித்தார். ஒவ்வொரு குழியும் நகரும்போது எண்ணெயை அழுத்தி, இரு பரப்புகளையும் லேசாகத் தூக்கிப் பிரித்து வைக்கிறது. ஹோம்பெர்க், எர்டெமிர் இருவரும் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகம் செலவிடும் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகிறது. அந்தக் கணக்கில் தொப்பூரில் இறங்கும் லாரியும் ரீபோர் ஆன பைக்கும் உண்டு.